டீமனுக்குள்ளிருந்து ஃபைல்களில் தேடுவது: சி-யில் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சி-யில் ஒரு டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரோகிராம்) எழுதி, அது ஃபைல்களுக்குள் ஏதோ ஒரு பேட்டர்னைத் தேட வேண்டும் என்று வரும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒரே வரிசையில்தான் இடறுகிறார்கள். முதலில் ஃபைல்களில் தேடும் கட்டளையான கிரெப்பைக் கூப்பிடலாமா என்பார்கள், அப்புறம் ஏன் பொருந்தவில்லை, அப்புறம் ஏன் மெமரி ஏறுகிறது, ஏன் அப்படியே நின்றுவிட்டது என்று வரும். அந்தக் கேள்விகளை வந்த விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். லினக்ஸையும் அதன் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியையும் மனதில் வைத்து எழுதியது.

கிரெப்தான் எல்லா மெஷினிலும் இருக்கே, ‘சிஸ்டம்’ ஃபங்ஷனில் ஒரு வரி எழுதி அதையே கூப்பிட்டால் என்ன?

கூப்பிடலாம், ஒரு நாள் வரை ஓடவும் செய்யும். ‘சிஸ்டம்’, ‘பீஓபன்’ இரண்டுமே நீங்கள் தரும் சரத்தை அப்படியே ஷெல்லிடம் கொடுத்து ஓட்டச் சொல்பவை. அந்தச் சரத்தில் பேட்டர்னும் ஃபைல் பெயரும் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். யாராவது ஃபைல் பெயருக்குள் ஓர் அரைப்புள்ளியும் அதன் பின்னால் ஒரு கட்டளையும் வைத்துவிட்டால், ஷெல்லுக்கு அது பெயர் இல்லை, ஓட்ட வேண்டிய அடுத்த கட்டளை. லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே பைட்கள்தான், சாய்கோடும் நல் பைட்டும். மற்றதெல்லாம் வரலாம், புதுவரிகூட. டீமன் ரூட்டாக ஓடிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு சொல்லவே வேண்டாம்.

மேற்கோள் குறி போட்டுச் சமாளித்துவிடலாம் என்று சிலர் வாதாடுவார்கள். பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் அதை எல்லா இடத்திலும் மறக்காமல் செய்தாக வேண்டும். ஷெல்லே இல்லாமல் செய்வது அதைவிடக் குறைந்த வேலை.

ஷெல்லை விட்டுவிட்டு கிரெப்பை நேராக ஓட்டினால் பரவாயில்லையா?

பரவாயில்லை. ‘போசிக்ஸ் ஸ்பான்’ அல்லது ஃபோர்க்கும் ‘எக்செக்வீ’யும் சேர்ந்து, ஒவ்வோர் ஆர்க்யுமெண்டையும் தனித்தனிச் சரமாகக் கொடுத்தால் மேலே சொன்ன ஆபத்து போய்விடும். ஆனால் பேட்டர்ன் ஒரு கழித்தல் குறியில் ஆரம்பித்தால் கிரெப் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும், அதனால் பேட்டர்னுக்கு முன்னால் ‘-ஈ’ ஆப்ஷனையும் ஃபைல் பெயர்களுக்கு முன்னால் வெறும் இரட்டைக் கோட்டையும் (--) எப்போதும் போடுங்கள். கிரெப்புக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். திரும்பி வரும் எண்ணையும் பாருங்கள்: 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் கிடைக்கவில்லை, 2 என்றால் ஏதோ பிழை. 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாக நினைத்து ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு செய்யும் டீமன்கள் நிறைய. படிக்க அனுமதியே இல்லாத ஃபைலை அவை சுத்தமான ஃபைல் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று பைப். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட்கள். நீங்கள் படிக்காமல் முதலில் ‘வெயிட்பிட்’டில் போய் உட்கார்ந்தால், பைப் நிரம்பியதும் கிரெப் எழுத முடியாமல் நிற்கும், நீங்கள் கிரெப் முடிவதற்காக நிற்பீர்கள். சின்ன ஃபைல்களில் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. முழுவதும் படித்து முடித்து, பைப் மூடியது தெரிந்த பிறகுதான் வெயிட்.

மணிக்கு ஒரு தடவை பெரிய டைரக்டரியை அலச வேண்டும் என்றால் கிரெப்பை ஓட்டுவதுதான் சரி, அதன் வேகத்தை நீங்கள் சுலபமாக எட்ட மாட்டீர்கள். விநாடிக்குப் பல தடவை சின்னச் சின்ன ஃபைல்களைப் பார்க்க வேண்டும் என்றால் ப்ராசஸ் உருவாக்கும் செலவே தேடுவதைவிட அதிகமாகிவிடும், உள்ளேயே தேடுங்கள்.

கிரெப் ஒழுங்காகத்தான் முடிகிறது, ஆனால் எனக்கு -1 வருகிறது. என்ன கோளாறு?

டீமனாக மாற்றும்போது, ஸோம்பி ப்ராசஸ்கள் (முடிந்தும் பட்டியலில் தங்கிவிடுபவை) சேராமல் இருக்க, குழந்தை ப்ராசஸ் முடிந்ததைச் சொல்லும் ‘சிக்சைல்ட்’ சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொன்னால் முடிந்த குழந்தை ப்ராசஸின் நிலையைக் கெர்னல் வைத்திருக்காது. அப்புறம் ‘சிஸ்டம்’, ‘பீகுளோஸ்’, ‘வெயிட்பிட்’ எது கேட்டாலும் அப்படி ஒரு குழந்தையே இல்லை என்றுதான் பதில் வரும், ‘எர்நோ’வில் ‘ஈசைல்ட்’ இருக்கும். புறக்கணிக்காமல், ஹேண்ட்லர் வைத்தோ ‘சிக்னல்எஃப்டி’ வைத்தோ நீங்களே சேகரியுங்கள். அப்படிச் சேகரிக்கும்போது எல்லாக் குழந்தைகளையும் கண்மூடித்தனமாக அள்ளாதீர்கள், ‘பீகுளோஸ்’ காத்திருக்கும் குழந்தையும் அதில் போய்விடும்.

டெர்மினலில் ஓட்டினால் கிடைக்கிறது, டீமனாக ஓட்டினால் ஒன்றுமே கிடைக்கவில்லை. அதே பைனரிதான்!

பைனரி அதேதான், சுற்றுச்சூழல் வேறு. முதல் சந்தேகம் பாதை: டீமன் வழக்கமாக ரூட் டைரக்டரிக்குப் போய்விடுகிறது, அதனால் சார்புப் பாதைகள் எல்லாம் அங்கிருந்து தேடப்படும். இரண்டாவது, சிஸ்டம்டி யூனிட் ஃபைல், அதாவது டீமனை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் அமைப்பு ஃபைல். அதில் ‘பிரைவேட்டெம்ப்’ போட்டிருந்தால் டீமன் பார்க்கும் டெம்ப் டைரக்டரியும் நீங்கள் பார்க்கும் டெம்ப் டைரக்டரியும் வேறு வேறு. ஃபைல் அங்கே இல்லவே இல்லை. ‘ப்ரொடெக்ட்ஹோம்’ போட்டிருந்தால் ஹோம் டைரக்டரிகளை டீமன் அணுகவே முடியாது. இந்த இரண்டையும் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், நீங்கள் சி கோடையே நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது குழு அனுமதி. ரூட்டாகத் தொடங்கி வேறு யூசராக மாறும் டீமனில் ‘இனிட்குரூப்ஸ்’ கூப்பிடாமல் விட்டால், அந்த யூசருக்கு உரிய கூடுதல் குழுக்கள் வராது. லாக் ஃபைல்கள் பெரும்பாலும் குழு அனுமதியில்தான் படிக்கக் கிடைக்கும். எஸ்இலினக்ஸ் (கூடுதல் அனுமதிக் கட்டுப்பாடு) ஓடும் மெஷினாக இருந்தால் ஆடிட் லாக்கையும் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் ஒரு விசித்திரமான கேஸ்: 0, 1, 2 என்ற மூன்று டிஸ்கிரிப்டர்களையும் வெறுமனே மூடிவிட்டால், அடுத்து நீங்கள் திறக்கும் ஃபைல் அந்த எண்களில் ஒன்றைப் பெறும். எங்கோ ஒரு லைப்ரரி பிழைச்செய்தி அச்சிட்டால் அது உங்கள் ஃபைலுக்குள் போய் விழும். மூடாதீர்கள், ‘டெவ் நல்’லுக்குத் திருப்பிவிடுங்கள்.

சரி, கிரெப் வேண்டாம். சி-யில் எதை வைத்துத் தேடுவது?

தேடுவது வெறும் சொல் என்றால் ரெஜெக்ஸே (பேட்டர்ன் எழுதும் குறிமொழி) வேண்டாம், ‘மெம்மெம்’ போதும். ‘ஸ்டர்ஸ்டர்’ முதல் நல் பைட்டில் நின்றுவிடும், ‘மெம்மெம்’ நீளம் கேட்பதால் நிற்காது. நிஜமாகவே பேட்டர்ன் என்றால் போசிக்ஸ் ரெஜெக்ஸ் ஏற்கெனவே ஜிலிப்சியிலேயே இருக்கிறது: ‘ரெக்காம்ப்’ ஒரு தடவை கம்பைல் செய்யும், ‘ரெக்எக்செக்’ ஒவ்வொரு வரியிலும் தேடும், ‘ரெக்எரர்’ பிழையை மனிதர் படிக்கும்படி சொல்லும், ‘ரெக்ஃப்ரீ’ விடுவிக்கும். எங்கே பொருந்தியது என்பது தேவையில்லை, பொருந்தியதா என்பது மட்டும் போதும் என்றால் ‘ரெக் நோசப்’ கொடியைக் கொடுங்கள், வேலை குறையும்.

பெர்ல் பாணி வசதிகள் கட்டாயம் என்றால் பிசிஆர்இ2 லைப்ரரி. பழைய பிசிஆர்இ 2021-ல் வந்த 8.45-ஓடு நின்றுவிட்டது, புதிதாக எழுதும் எதிலும் அதைச் சேர்க்காதீர்கள்.

கட்டளை வரியில் வேலை செய்த பேட்டர்ன் ‘ரெக்காம்ப்’பில் வேலை செய்யவில்லை, பிழையும் வரவில்லை.

கொடி எதுவும் கொடுக்காவிட்டால் ‘ரெக்காம்ப்’ பழைய அடிப்படை இலக்கணத்தில்தான் படிக்கும். அதில் கூட்டல் குறியும் கேள்விக்குறியும் நேர்க்கோடும் சாதாரண எழுத்துகள். ‘ரெக் எக்ஸ்டெண்டட்’ கொடுங்கள். கிரெப்பில் ‘-பீ’ போட்டு ஓட்டிப் பார்த்த பேட்டர்ன் என்றால் அது பெர்ல் இலக்கணம். அதில் இலக்கத்துக்குப் பயன்படும் பின்சாய்கோடு-டி போசிக்ஸில் கிடையாது, [0-9] என்று எழுதுங்கள். சோம்பேறித்தனமான பொருத்தம், முன்னே எட்டிப்பார்ப்பது எதுவும் இங்கே இல்லை.

பேட்டர்னைக் கோடிலேயே எழுதினால் பின்சாய்கோட்டை இரட்டிக்க வேண்டும், ஒன்றைக் கம்பைலர் சாப்பிட்டுவிடும். கான்ஃபிக் ஃபைலிலிருந்து படித்தால் இரட்டிக்கக் கூடாது. இதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

வரிக் கடைசியில் டாலர் குறி போட்டால் பொருந்தவே மாட்டேன் என்கிறது.

‘கெட்லைன்’ வரியோடு சேர்த்து புதுவரி எழுத்தையும் தரும். டாலர் குறி சரத்தின் முடிவுக்குத்தான் பொருந்தும், புதுவரிக்கு முன்னால் இல்லை. அந்தக் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள். விண்டோஸிலிருந்து வந்த ஃபைல் என்றால் அதற்கு முன்னால் இன்னொரு எழுத்தும் ஒளிந்திருக்கும், அதையும் வெட்டுங்கள். ‘ரெக் நியூலைன்’ கொடியாலும் டாலர் குறி பொருந்தும், ஆனால் அது புள்ளியின் அர்த்தத்தையும் மாற்றும், புள்ளி அப்புறம் புதுவரிக்குப் பொருந்தாது. வெட்டுவதே எளிது.

வரி வரியாகப் படிப்பது மெதுவாக இருக்கிறது. ஃபைலை மொத்தமாக எம்மேப் செய்து (மெமரியில் பொருத்தி) ‘ரெக்எக்செக்’குக்குக் கொடுக்கலாமா?

இதில் இரண்டு குழிகள். ‘ரெக்எக்செக்’ நல் பைட்டில் முடியும் சரத்தை எதிர்பார்க்கிறது, எம்மேப் செய்த ஃபைலின் முடிவில் நல் பைட் இருக்கும் என்று உத்தரவாதமில்லை. கெர்னல் கடைசிப் பக்கத்தின் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்புவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். ஃபைல் அளவு சரியாக 4096-ன் மடங்காக அமைந்த அன்றைக்கு எல்லை தாண்டிப் படித்துச் சாகும். நீளம் சொல்லும் ‘ரெக் ஸ்டார்ட்எண்ட்’ கொடி பிஎஸ்டியிலிருந்து வந்தது, ஜிலிப்சியிலும் உண்டு, ஆனால் போசிக்ஸ் அல்ல. அதைப் பயன்படுத்தினால் இந்தக் குழி மூடிவிடும்.

இரண்டாவது குழியை மூட முடியாது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு ப்ராசஸ் ஃபைலைச் சுருக்கிவிட்டால், இல்லாமல் போன பக்கத்தைத் தொட்டதும் ‘சிக்பஸ்’ வந்து டீமன் விழும். கட்டளை வரிக் கருவியாக இருந்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். டீமனில் அது மற்றவர் கையில் கொடுத்த அணைப்புச் சுவிட்ச். உங்களுக்கு மட்டுமே சொந்தமான, யாரும் மாற்றாத ஃபைல்களுக்கு எம்மேப் சரி; லாக் ஃபைல்களுக்கு வேண்டாம், ‘ரீட்’ போதும். வேகம் வேண்டுமென்றால் பெரிய பஃபரில் படியுங்கள்.

64 கேபி துண்டுகளாகப் படிக்கிறேன். அவ்வப்போது சில பொருத்தங்கள் விட்டுப்போகின்றன.

தேடும் சொல் ஒரு துண்டின் கடைசியில் ஆரம்பித்து அடுத்ததில் முடிந்திருக்கும். வெறும் சொல்லைத் தேடினால், அதன் நீளத்தில் ஒன்று குறைத்து அவ்வளவு பைட்களை முந்தைய துண்டிலிருந்து எடுத்து அடுத்ததன் தலையில் ஒட்டுங்கள். ரெஜெக்ஸுக்கு இந்தக் கணக்கு வராது, பொருத்தம் எவ்வளவு நீளம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அங்கே கடைசிப் புதுவரி வரைக்கும் தேடி, மீதியை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

புதுவரியே இல்லாத ஃபைல் வந்தால் மீதி வளர்ந்துகொண்டே போகும். ‘கெட்லைன்’னும் இதே மாதிரிதான், பல ஜிபி ஒரே வரியாக வந்தால் அவ்வளவையும் மெமரியில் வாங்கப் பார்க்கும். ஒரு வரிக்கு உச்சவரம்பு வையுங்கள், 1 எம்பி என்று வைத்துக்கொள்வோம், அதைத் தாண்டினால் வெட்டித் தேடிவிட்டு, வெட்டியதைப் பதிவு செய்யுங்கள். சத்தமில்லாமல் வெட்டினால் பின்னாடி யாராவது ‘ஏன் கண்டுபிடிக்கவில்லை’ என்று வருவார்கள்.

பைனரி ஃபைல்களை எப்படி ஒதுக்குவது?

முதல் சில கேபியில் நல் பைட் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பைனரி. கிரெப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் முடிவெடுக்கிறது. யுடிஎஃப்-16 உரையும் இதில் பைனரியாகத் தெரியும், பெரும்பாலான டீமன்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் பாதுகாப்புக்காகத் தேடுகிறீர்கள் என்றால் ஒதுக்கவே ஒதுக்காதீர்கள்: ஒரே ஒரு நல் பைட்டைத் தலையில் வைத்து உங்களிடமிருந்து ஒளிந்துகொள்ளலாம் என்றாகிவிடும்.

தமிழ் வரிகளில் தேடும்போது புள்ளி ஓர் எழுத்துக்குப் பொருந்தவில்லை. டெர்மினலில் சரியாக இருந்ததே?

சி ப்ரோகிராம் எதுவும் ‘செட்லொகேல்’ கூப்பிடும் வரை ‘சி’ லொகேலில்தான் இருக்கும். அதில் புள்ளி என்றால் ஒரு பைட். யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்கள், அதனால் புள்ளி மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘செட்லொகேல்’ கூப்பிட்டாலும் டீமனுக்கு ‘லாங்’ மாறி வந்து சேர்ந்திருக்கும் என்று நம்ப முடியாது, யூனிட் ஃபைலில் நீங்களே தந்துவிடுங்கள். எல்லா வகையையும் மாற்றாமல் எழுத்து வகையை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தசமப் புள்ளி எங்கோ காற்புள்ளியாக அச்சாகும்.

இவ்வளவு செய்தும் ‘கி’ என்பதற்கு ஒரு புள்ளி போதாது, ஏனென்றால் அது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பிசிஆர்இ2-வில் பார்வைக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை மொத்தமாகப் பிடிக்கும் குறி உண்டு, போசிக்ஸில் இல்லை. ‘கொ’ மாதிரி எழுத்துகளில் இன்னொரு வம்பு: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் வரும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பைட்கள் வேறு. பேட்டர்ன், ஃபைல் இரண்டையும் ஒரே நெறிக்கு மாற்றிய பிறகு தேடுங்கள்.

பேட்டர்னை யூசர் தருகிறார். தப்பான பேட்டர்னை ‘ரெக்காம்ப்’ தடுத்துவிடும்தானே?

இலக்கணப் பிழையைத் தடுக்கும். இலக்கணம் சரியாக இருந்து சிபியுவைத் தின்னும் பேட்டர்னை எதுவும் தடுக்காது. (அ+)+இ என்ற பேட்டர்னை எடுத்துக்கொள்ளுங்கள், வரியில் முப்பது அகரம் இருந்து இகரம் இல்லை என்றால், பின்வாங்கித் தேடும் எஞ்ஜின் அந்த அகரங்களைக் குழுக்களாகப் பிரிக்கும் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். ஓர் அகரம் கூடினால் வேலை இரட்டிக்கும். இவ்வளவு மோசமாகக்கூட இருக்க வேண்டாம். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் விழுந்துகிடந்தது; ஒரு பதிவில் தொடர்ந்து சுமார் 20,000 வெற்றிடங்கள், வரிக் கடைசி வெற்றிடத்தை வெட்டும் சாதாரண ரெஜெக்ஸ். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஆரம்பித்துக் கடைசி வரை போய்த் தோற்றது, மொத்தம் சுமார் 20 கோடி ஒப்பீடுகள். கிளவுட்ஃப்ளேரின் 2019 ஜூலை 2 முடக்கமும் ரெஜெக்ஸ் பின்வாங்கலால்தான்.

பின்வாங்காமல், எல்லா வழிகளையும் ஒன்றாக நடத்திக்கொண்டு போகும் முறையை கென் தாம்ப்ஸன் 1968-லேயே வெளியிட்டுவிட்டார். ஆர்இ2 என்ற ரெஜெக்ஸ் லைப்ரரி அந்த வழியில் வந்தது, நேரம் வரியின் நீளத்துக்கு ஏற்ப நேர்க்கோட்டில்தான் கூடும். சி++ என்பதால் சி-யில் ஓர் உறை தேவைப்படும். பிசிஆர்இ2 என்றால் பொருத்த வரம்பை நீங்களே குறைத்து வையுங்கள், இயல்பாக இருக்கும் ஒரு கோடி என்பது டீமனுக்கு ரொம்பத் தாராளம். ஜிலிப்சியின் ரெஜெக்ஸ் சாதாரணப் பேட்டர்ன்களில் நன்றாக நடந்துகொள்ளும், ஆனால் பின்சுட்டு (முன்பு பொருந்தியதையே மறுபடி கேட்கும் குறி) வந்தால் அதுவும் திணறும், ஒன்றுக்குள் ஒன்றாகப் பெரிய எண்ணிக்கைகளை அடுக்கினால் கம்பைல் செய்யும்போதே மெமரியை விழுங்கும்.

‘ரெக்எக்செக்’குக்கு நேர வரம்பு கொடுக்கும் வழி கிடையாது. அதனால் அந்நியர் தரும் பேட்டர்னை ஒரு தனிக் குழந்தை ப்ராசஸில் ஓட்டுங்கள், ‘செட்ஆர்லிமிட்’டால் சிபியு நேரத்துக்கும் மெமரிக்கும் வரம்பு போடுங்கள். வரம்பு மீறினால் குழந்தை சாகும், டீமன் இருக்கும். முடிந்தால் யூசரிடம் ரெஜெக்ஸே கேட்காதீர்கள், சொல்லைக் கேளுங்கள். பாதிப் பேருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

பிசிஆர்இ2-வில் ஜிட் (பேட்டர்னை மெஷின் கோடாக மாற்றும் வசதி) போட்டேன், என் மெஷினில் பறக்கிறது, சர்வரில் பழைய வேகம்தான்.

யூனிட் ஃபைலில் ‘மெமரிடினைரைட்எக்சிக்யூட்’ இருக்கும். ஜிட் தான் உருவாக்கும் கோடை எழுதி ஓட்ட வேண்டும், அந்த அமைப்பு அதைத்தான் தடுக்கிறது. ஜிட் கம்பைல் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். தோற்றாலும் தேடல் சாதாரண முறையில் நடக்கும் என்பதால் நீங்கள் கவனிக்காமலே போகலாம். பாதுகாப்பு அமைப்பை எடுப்பதைவிட ஜிட்டை விடுவது மேல் என்பது என் கட்சி.

என்னிடம் நூற்றுக்கணக்கான பேட்டர்ன்கள். ஒவ்வொன்றாக லூப்பில் ஓட்டுவதா?

எல்லாமே வெறும் சொற்கள் என்றால் ஆஹோ-கொராசிக். 1975-ல் வந்த அல்காரிதம், எத்தனை சொற்கள் இருந்தாலும் ஃபைலை ஒரே தடவை நடந்து எல்லாவற்றையும் பிடிக்கும். ரெஜெக்ஸ்கள் என்றால் ஹைப்பர்ஸ்கேன், இண்டெல் வெளியிட்டது, சி-யிலேயே கூப்பிடலாம், ஆர்ம் ப்ராசஸர்களுக்கு அதன் கிளையான வெக்டர்ஸ்கேன். அதன் ஸ்ட்ரீமிங் முறையில், மேலே துண்டு எல்லை பற்றிச் சொன்ன தலைவலியை அதுவே பார்த்துக்கொள்ளும். பின்சுட்டுகளை அது ஏற்காது.

பத்து இருபது பேட்டர்ன்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு ரெஜெக்ஸிலும் கட்டாயம் வந்தாக வேண்டிய ஒரு சொல்லை எடுத்து, முதலில் ‘மெம்மெம்’மால் தேடுங்கள், அது இருக்கும் வரிகளுக்கு மட்டும் ரெஜெக்ஸ். பெரும்பாலான வரிகள் முதல் படியிலேயே உதிர்ந்துவிடும்.

கம்பைல் செய்த ஒரே ரெஜெக்ஸை எல்லா த்ரெடும் பகிரலாமா?

பகிரலாம், தப்பான விடை வராது. ஆனால் ஜிலிப்சி ‘ரெக்எக்செக்’குக்குள் அந்த ரெஜெக்ஸின் மேல் ஒரு பூட்டைப் போடுகிறது, அதனால் எட்டு த்ரெட் இருந்தாலும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் தேடும். த்ரெடுக்கு ஒரு பிரதி கம்பைல் செய்துகொள்ளுங்கள். பிசிஆர்இ2-வில் கம்பைல் செய்ததைப் பகிரலாம், பொருத்த விவரம் வாங்கும் பிளாக் மட்டும் த்ரெடுக்கு ஒன்று.

டைரக்டரி முழுக்க இறங்கித் தேடும்போது ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது, சிபியுவும் ஓடவில்லை.

ஒரு ஃபிஃபோவை, அதாவது பெயருள்ள பைப்பை, திறந்திருப்பீர்கள். மறுமுனையில் எழுத ஆள் வரும் வரை ‘ஓபன்’ திரும்பாது. ‘ஓ நான்பிளாக்’, ‘ஓ குளோஸ்எக்செக்’ கொடிகளோடு திறந்து, திறந்த டிஸ்கிரிப்டரின் மேல் ‘எஃப்ஸ்டாட்’ செய்து, சாதாரண ஃபைல் இல்லையென்றால் மூடிவிடுங்கள். முதலில் ஸ்டாட் பார்த்துவிட்டு அப்புறம் திறக்கிறேன் என்றால், இரண்டுக்கும் இடையில் ஃபைலை மாற்றிவைக்க நேரம் கொடுக்கிறீர்கள்.

‘ப்ராக்’, ‘சிஸ்’ டைரக்டரிகளுக்குள் போகவே போகாதீர்கள். ப்ராக்கில் பெரும்பாலான ஃபைல்கள் அளவு 0 என்று சொல்லும், படித்தால் உள்ளடக்கம் வரும், சில படிக்கும்போதே நிறுத்திவைக்கும். டைரக்டரிகளில் இறங்கும் ‘என்எஃப்டிடபிள்யூ’வில் சிம்லிங்க்கை (வேறு பாதையைச் சுட்டும் ஃபைல்) பின்தொடராத கொடியையும் அதே ஃபைல்சிஸ்டத்துக்குள் இருக்கச் சொல்லும் கொடியையும் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

டீமன் ரூட்டாக ஓடினால் எல்லாவற்றையும் படிக்கலாம், வசதிதானே?

அந்த வசதிதான் ஓட்டை. யூசர் ஒருவர் தன் டைரக்டரியில் பாஸ்வேர்ட் ஷேடோ ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் வைத்துவிட்டு, தேடு என்று உங்களிடம் கேட்கிறார். நீங்கள் வரியைக் காட்டவே வேண்டாம், ‘பொருந்தியது, பொருந்தவில்லை’ என்று மட்டும் சொன்னாலும் போதும், அவர் பேட்டர்னை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக நீட்டிக்கொண்டே போய் முழுதையும் எடுத்துவிடுவார். ‘ஓ நோஃபாலோ’ பாதையின் கடைசித் துண்டை மட்டும்தான் காக்கும், நடுவில் உள்ள டைரக்டரி சிம்லிங்க்காக இருந்தால் கண்டுகொள்ளாது. லினக்ஸ் 5.6-ல் வந்த ‘ஓபன்அட்2’வில் முழுப் பாதையிலும் சிம்லிங்க்கை மறுக்கவும், ஒரு டைரக்டரியைத் தாண்டி வெளியே போகாமல் தடுக்கவும் முடியும்.

இதைவிட நேரான வழி, கேட்கிறவரின் அனுமதியோடு படிப்பது. யூனிக்ஸ் சாக்கெட்டில் ‘எஸ்ஓ பியர்கிரெட்’ மூலம் அவர் யார் என்று கெர்னலிடமே கேட்டு, மேலே யூசர் பேட்டர்னுக்குச் சொன்ன அதே குழந்தை ப்ராசஸில் குழுக்கள், குழு எண், யூசர் எண் என்ற வரிசையில் மாறிக்கொள்ளுங்கள். வரிசை மாறினால், யூசர் எண்ணை விட்ட பிறகு குழுவை மாற்ற அனுமதியே இருக்காது. ஒவ்வொன்றின் விடையையும் சரிபாருங்கள், தோற்றால் தொடராமல் வெளியேறுங்கள்.

லாக் ஃபைல் வளர வளரப் புது வரிகளில் மட்டும் தேட வேண்டும். ஃபைல் மாறியதைச் சொல்லும் ஐநோட்டிஃபை போதுமா?

எழுந்திரு என்று சொல்ல அது போதும், எங்கே படிப்பது என்பது உங்கள் கணக்கு. கடைசியாகப் படித்த இடத்தை வைத்துக்கொண்டு, அங்கிருந்து கடைசிப் புதுவரி வரை மட்டும் தேடுங்கள். பாதி எழுதிய வரியைத் தேடினால் பொருத்தம் தவறும். ஐநோட்டிஃபை உள் டைரக்டரிகளைத் தானாகக் கவனிக்காது, வரிசை நிரம்பினால் நிகழ்வுகளைக் கொட்டிவிட்டு ‘வழிந்துவிட்டது’ என்று ஒரே ஒரு நிகழ்வு தரும், நெட்வொர்க் ஃபைல்சிஸ்டத்தில் அடுத்த மெஷின் எழுதியது தெரியாது. அதனால் அவ்வப்போது ஸ்டாட் பார்க்கும் டைமர் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

லாக் சுழற்சி இரண்டு விதம். பெயர் மாற்றிப் புது ஃபைல் திறந்தால், உங்கள் டிஸ்கிரிப்டர் பழையதையே பிடித்திருக்கும். பாதையின் ஐநோடு (ஃபைல்சிஸ்டத்தில் ஃபைலின் அடையாள எண்) மாறியதைப் பார்த்ததும் உடனே மூடாதீர்கள், பழையதின் மீதியைப் படித்துவிட்டுப் புதியதற்குப் போங்கள். நகலெடுத்துச் சுருக்கும் முறையில் ஐநோடு மாறாது, அளவு உங்கள் இடத்தைவிடக் குறைந்திருக்கும், 0-விலிருந்து ஆரம்பியுங்கள். நகலெடுப்பதற்கும் சுருக்குவதற்கும் நடுவில் எழுதப்பட்ட வரிகள் போனது போனதுதான், உங்கள் டீமனால் ஒன்றும் செய்ய முடியாது.

பொருந்திய வரியை சிஸ்லாக்கில் எழுதுகிறேன், சில நிமிடத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது.

நீங்கள் தேடும் ஃபைலும் சிஸ்லாக் எழுதும் ஃபைலும் ஒன்று. பொருந்திய வரியை எழுதினீர்கள், எழுதியதே மறுபடி பொருந்தியது, அதையும் எழுதினீர்கள். உங்கள் டீமனின் பெயர் உள்ள வரிகளைத் தாண்டிப்போங்கள், அதோடு வரியை அப்படியே எழுதாமல் ஃபைல் பெயர், இடம், பேட்டர்ன் எண் இவற்றை மட்டும் எழுதுங்கள். வரியில் பாஸ்வேர்டும் இருக்கலாம், அதைப் பரப்புவது உங்கள் வேலை இல்லை.

வரியை எழுதியே ஆக வேண்டும் என்றால், அதை ஒருபோதும் ஃபார்மேட் இடத்தில் கொடுக்காதீர்கள், சரத்துக்கான ஃபார்மேட்டைக் கொடுத்து வரியை ஆர்க்யுமெண்டாக அனுப்புங்கள். வரியில் சதவீதக் குறி வந்தால் சிஸ்லாக் இல்லாத ஆர்க்யுமெண்டைத் தேடி மெமரிக்குள் அலையும்.

சிக்ஹப் சிக்னல் வந்ததும் பேட்டர்ன்களை மறுபடி ஏற்றுகிறேன், எப்போதாவது கிராஷ் ஆகிறது.

ஹேண்ட்லருக்குள்ளேயே ‘ரெக்காம்ப்’ கூப்பிடுகிறீர்கள். அது மாலாக் செய்யும், சிக்னல் வந்த நேரத்தில் மெயின் லூப்பும் மாலாக்குக்குள் இருந்தால் பூட்டிக்கொள்ளும் அல்லது உடையும். ஹேண்ட்லரில் ஒரு கொடியை மட்டும் உயர்த்துங்கள், மீதி மெயின் லூப்பில். புதிய பேட்டர்ன்கள் அத்தனையும் கம்பைல் ஆன பிறகுதான் பழையதை விடுவித்து மாற்றுங்கள். ஒன்று தோற்றால் பழைய தொகுப்போடு தொடர்ந்து, எந்த வரியில் பிழை என்பதையும் ‘ரெக்எரர்’ சொன்னதையும் பதிவு செய்யுங்கள்.

வாரக்கணக்கில் ஓடினால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது.

ஒவ்வொரு வரிக்கும் ‘ரெக்காம்ப்’ நடக்கிறதா என்று பாருங்கள், நடுவில் சீக்கிரம் திரும்பும் ஏதோ ஒரு கிளையில் ‘ரெக்ஃப்ரீ’ விட்டுப்போயிருக்கும். அது இல்லையென்றால் ‘கெட்லைன்’ பஃபர்: இதுவரை வந்த மிக நீளமான வரியின் அளவிலேயே அது தங்கிவிடும், சுருங்காது. உச்சவரம்பு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேடல் ஓடும் நேரத்தில் மற்ற சர்வீஸ்கள் எல்லாம் மெதுவாகின்றன.

நீங்கள் ஒரு தடவை படித்துவிட்டு மறக்கப்போகும் ஃபைல்கள், மற்றவர்களுக்குத் தேவையான பக்கங்களை கேஷிலிருந்து தள்ளிவிடுகின்றன. படித்து முடித்த பகுதிக்கு ‘போசிக்ஸ் எஃப்அட்வைஸ்’ மூலம் இனி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் வேறு ப்ராசஸ் படித்துக்கொண்டிருக்கும் ஃபைலுக்கும் அது கேஷைக் காலி செய்யும், அதனால் சூடான லாக் ஃபைல்களுக்குச் சொல்லாதீர்கள். ‘நைஸ்’ சிபியுவுக்குத்தான் முக்கியமாக உதவும். டிஸ்க் முன்னுரிமையைக் குறைத்தாலும் அதை மதிக்கும் ஷெட்யூலர் இருந்தால்தான் பலன்.

சுழற்றி ஜிஜிப் செய்த பழைய லாக்குகளிலும், சிஸ்டம்டி ஜர்னலிலும் தேட முடியுமா?

ஜிஜிப்புக்கு ஜிலிப் லைப்ரரியின் ‘ஜிஜெட்ஓபன்’, ‘ஜிஜெட்ரீட்’ போதும். சுருக்கப்படாத ஃபைலைக் கொடுத்தாலும் அப்படியே படித்துத் தரும், அதனால் இரண்டுக்கும் ஒரே கோடு. விரித்த பிறகு எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள், சில கேபி ஃபைலுக்குள் பல எம்பி பூஜ்யங்களை அடைத்து வைக்க முடியும்.

ஜர்னல் ஃபைல்களை நேராகப் படித்துத் தேடாதீர்கள். அது பைனரி வடிவம், நீளமான புலங்கள் உள்ளே சுருக்கப்பட்டிருக்கலாம், அப்போது உங்கள் சொல் அங்கே இருந்தும் பைட்டாகத் தெரியாது. ‘எஸ்டி-ஜர்னல்’ லைப்ரரியில் திறந்து, முதலில் யூனிட் பெயரை வைத்து வடிகட்டி, வரும் பதிவுகளின் செய்திப் புலத்தில் மட்டும் ரெஜெக்ஸ் ஓட்டுங்கள். அந்தப் புலம் நீளத்தோடு தரப்படும், நல் பைட்டில் முடியும் என்று நம்ப வேண்டாம். எம்மேப் பதிலில் சொன்ன ‘ரெக் ஸ்டார்ட்எண்ட்’ இங்கேதான் நிஜமாக உதவும்.